வெட்டும் முன் ஒரு நகல்

"படத்தைக் கிராப் பண்ணிட்டேன் பாட்டி" என்று 2022இல் நான் சொன்னபோது, பாட்டி நிமிர்ந்து பார்த்து, "யாருக்குக் கிராப்பு?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த கிராப்பு முடிவெட்டும் கடையில் நடப்பது. வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முடி என்றால் வளர்ந்திருக்கும். நான் வெட்டியது வளரவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. கணினி தொடர்பான சொற்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். படத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு மலாயில் 'பங்காஸ்' என்பார்கள். மரக்கிளையைக் கழிப்பதற்கும் அதே சொல்தான். தமிழில் 'செதுக்குதல்' என்கிறார்கள். எந்த மொழியில் சொன்னாலும் அது இரண்டு விரலால் இழுத்து முடித்துவிடும் சின்ன வேலை என்றுதான் நினைத்திருந்தேன். பட மென்பொருள் கற்கும் எவரும் முதல் நாளில் தெரிந்துகொள்வது அதுதான். முதல் நாளோடு அதை மறந்தும்விடுகிறோம். பிறகு வண்ணம், வடிகட்டி, எழுத்துரு என்று போய்விடுகிறோம். அந்த முதல் பாடத்தை நாம் அரைகுறையாகத்தான் படித்திருக்கிறோம் என்பது என் கருத்து. அந்த அரைகுறைப் படிப்பு என் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

நான் செய்த காரியம்

என் பாட்டி மலாக்கா மாநிலம், ஜாசின் மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. 1970களில் பிரட்டுக் களத்தில் எடுத்தது. நடுவில் நாற்காலியில் கிராணி. சுற்றிலும் பாட்டியும் அவருடன் வேலை செய்தவர்களும். மொத்தம் பதினொரு பேர். வலது ஓரத்தில், வரிசையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இடுப்பில் ஒரு குழந்தையுடன் ஒரு பெண் நின்றிருந்தார்.

2019இல் பாட்டி லயத்து வீட்டைக் காலி செய்தார். சுவரிலிருந்து படத்தை இறக்கியபோது சட்டத்துக்குப் பின்னால் கறையான் ஏறியிருந்தது. ஒரு மூலை அரித்துப்போயிருந்தது. நான் அப்போது இரண்டாம் படிவம். என் கைப்பேசியில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சட்டமும் அட்டையும் குப்பையோடு போயின. 'படம்தான் போனில் இருக்கிறதே' என்று யாரும் கவலைப்படவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்துத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மலர் போட்டார்கள். பழைய படம் ஒன்று வேண்டும் என்றார் என் பெரியப்பா மகன். மலரில் கொடுத்த இடம் சதுரம். எங்கள் படமோ அகலமானது. நான் கிராணியை நடுவில் வைத்து இரு பக்கமும் வெட்டினேன். இடது பக்கம் வெற்றுச் சுவர் போனது. வலது பக்கம் குழந்தையோடு நின்ற பெண் போனார். 'சேமி' என்று வந்தது. அழுத்தினேன். என் கைப்பேசியில் அப்போதிருந்த செயலி, தனி நகல் எடுக்காமல் பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதிவிட்டது. அது எனக்கு அன்று தெரியாது. மலர் அழகாக வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

2024இல் ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அத்தை பாட்டியைத் தேடி வந்தார். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா தோட்டத்தில் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். விடியற்காலையில் பெற்றோர் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவார்களாம். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அடையாளக் கார்டுப் படத்தைத் தவிர அவருடைய வேறு எந்தப் படமும் அத்தையிடம் இல்லை.

"உங்க வீட்டுச் சுவர்ல ஒரு படம் இருக்குமே பெரியம்மா, அதுல எங்கம்மா ஓரத்துல நிப்பாங்களே" என்றார்.

பாட்டி என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியைத் திறந்தேன். சதுரப் படத்தின் வலது விளிம்பில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது.

"இடுப்புல இருந்த பிள்ளை யாரு பாட்டி?" என்று பிறகு கேட்டேன். "உங்க பெரியப்பனா இருக்கும், இல்ல பக்கத்து வீட்டுப் பையனா இருக்கும். அவ இடுப்புல எப்பவும் யாராவது ஒரு பிள்ளை இருக்கும்" என்றார் பாட்டி. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இரண்டும் வேறு வேறு வேலை

இனி பாடத்துக்கு வருகிறேன். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்வது இங்கேதான். படத்தை வெட்டுவது ஒரு வேலை. அளவை மாற்றுவது வேறு வேலை.

கணினியில் படம் என்பது சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளால் ஆன கட்டம். ஒரு கைப்பேசி 12 மெகாபிக்சல் படம் எடுக்கிறது என்றால், பெரும்பாலும் அது நீளத்தில் 4,032 புள்ளிகளும் அகலத்தில் 3,024 புள்ளிகளும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு கோடியே 22 லட்சம் புள்ளிகள் வரும். வெட்டும்போது ஓரத்துப் புள்ளிகளைத் தூக்கி எறிகிறோம். உள்ளே மிஞ்சுபவை அப்படியே இருக்கும். அளவைச் சிறிதாக்கும்போது படத்தின் எந்தப் பகுதியும் போகாது. ஆனால், பல புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவதால் நுணுக்கம் போகும். அளவைப் பெரிதாக்கும்போது மென்பொருள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. அது ஊகம் மட்டுமே.

ஒரு கணக்குப் பார்ப்போம். விண்ணப்பத்துக்குக் கடப்பிதழ் அளவுப் படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் அது 35 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். விகிதம் 7க்கு 10. உங்கள் கைப்பேசிப் படத்தின் விகிதம் 3க்கு 4. இரண்டும் ஒன்றல்ல. சரியான வழி, 3,024 புள்ளி அகலத்தை 2,822 ஆக்குவது. அதாவது இரு பக்கமும் 101 புள்ளிகளை வெட்டுவது. பிறகு, கேட்ட கிலோபைட் அளவுக்குள் வரும்படி முழுப் படத்தையும் சிறிதாக்க வேண்டும். பலர் செய்வது என்ன? வெட்டாமல் அகலத்தை மட்டும் நெருக்கிவிடுகிறார்கள். முகம் ஏறக்குறைய 7 விழுக்காடு ஒல்லியாகிவிடும்.

நிகழ்ச்சிப் பதாகைகளில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. 4க்கு 3 படத்தை 16க்கு 9 அகலத் திரையில் பொருத்த இழுக்கிறார்கள். முகம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுகிறது. பொங்கல் விழா, பட்டிமன்றம், விளையாட்டுப் போட்டி எதுவானாலும் பதாகையில் சிறப்பு விருந்தினரின் முகம் வீங்கியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் தவறு அல்ல அது. அளவு மாற்றும் பெட்டியில் ஒரு சங்கிலிப் படம் இருக்கும். அது பூட்டியிருந்தால் நீளமும் அகலமும் ஒன்றாகவே மாறும். அந்தச் சங்கிலியைக் கழற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் இன்று மாதச் சந்தாவில் கிடைக்கிறது. எல்லா மாணவருக்கும் அது கட்டுப்படியாகாது. 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற மென்பொருளில் இந்த இரண்டு வேலையும் உண்டு. 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' என்றால் அளவு மாற்றுதல். ஷிப்ட் விசையோடு சி-யை அழுத்தினால் வெட்டும் கருவி வரும். மடிக்கணினி இல்லாதவர்கள் கைப்பேசியிலேயே செய்யலாம். கருவி எதுவானாலும் புள்ளிக் கணக்கு ஒன்றுதான்.

180 புள்ளிகளில் ஒரு முகம்

அத்தை வந்துபோன பிறகு நான் வீட்டில் எல்லாருடைய கைப்பேசியையும் தேடினேன். முழுப் படம் ஓரிடத்தில் கிடைத்தது. மலர் வேலை தொடங்குமுன் பெரியப்பா மகன் பழைய படங்கள் பலவற்றை ஒன்றாக அடுக்கி, குடும்பப் புலனக் குழுவில் ஒரு படத்தொகுப்பு போட்டிருந்தார். அதில் ஒரு கட்டத்தில் எங்கள் படம் வெட்டப்படாமல் இருந்தது. குதித்தேன். பெரிதாக்கிப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். அந்தக் கட்டத்தின் அகலம் 320 புள்ளிகள் மட்டுமே. அதற்குள் பதினொரு பேர். ஆயாவின் முகம் 12 புள்ளி அகலம், 15 புள்ளி உயரம். மொத்தம் 180 புள்ளிகள்.

வெட்டியதால் மூலப்படம் போனது. சிறிதாக்கியதால் முகம் போனது. இரண்டு பாடத்தையும் ஒரே படத்தில் கற்றுக்கொண்டேன்.

பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் ஒரு தளத்தில் ஏற்றினேன். அரை நிமிடத்தில் முகம் வந்தது. கூர்மையான கண், தெளிவான உதடு, லேசான புன்னகை. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. ஓடிப்போய்ப் பாட்டியிடம் காட்டினேன்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "யாரும்மா இந்தப் பொண்ணு?" என்றார்.

"ஆயா பாட்டி."

"அவ ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பா. தாடை இப்படி இருக்காது. இது யாரோ."

பாட்டி சொன்னது சரி. அந்தக் கருவி ஆயாவைப் பார்த்ததே இல்லை. லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய கருவி அது. 180 புள்ளிகளை வைத்துக்கொண்டு, 'இப்படி ஒரு பெண் இருக்கலாம்' என்று ஒருத்தியை உண்டாக்கிக் கொடுத்தது. பாட்டி மட்டும் பார்க்காமலிருந்தால், அந்த யாரோ ஒருத்தியின் முகத்தை அத்தைக்கு அனுப்பியிருப்பேன். அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டி விளக்கேற்றியிருப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இல்லாத நுணுக்கத்தை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. தருவதுபோல் காட்டும் மென்பொருளிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஓரத்தில் நிற்பவர்கள்

'அழகுக்காக ஓரத்தை வெட்டினால் என்ன தவறு? படம் எடுப்பவரே எதையோ சேர்த்து எதையோ விட்டுத்தானே எடுக்கிறார்?' என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. வெட்டுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வெற்றுச் சுவரையும் குப்பைத் தொட்டியையும் வெட்டத்தான் வேண்டும். ஆனால், ஓரத்தில் இருப்பது ஆளாக இருக்கும்போது, நம் விரல் ஒரு முடிவு எடுக்கிறது. முடிவு எடுக்கிறோம் என்பதே தெரியாமல் எடுக்கிறோம். அதுதான் எனக்குப் பிரச்சினையாகத் தெரிகிறது.

உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு சம்பவம் உண்டு. 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஐந்து இளம் பருவநிலை ஆர்வலர்கள் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கிரேட்டா துன்பர்க் உட்பட நால்வர் ஐரோப்பிய வெள்ளையர்கள். இடது ஓரத்தில் நின்றவர் உகாண்டா நாட்டு வனெசா நகாத்தே. அப்போது அவருக்கு வயது 23. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்தில் நால்வர் மட்டுமே இருந்தார்கள். நகாத்தே வெட்டப்பட்டிருந்தார். பின்னாலிருந்த கட்டடம் கண்ணை உறுத்தியது, அமைப்புக்காகத்தான் வெட்டினோம் என்று முதலில் விளக்கம் வந்தது. உலகம் கேள்வி கேட்ட பிறகு முழுப் படத்தை வெளியிட்டு, நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு நகாத்தே எழுதிய நூலின் பெயர் 'எ பிக்கர் பிக்சர்', அதாவது 'இன்னும் பெரிய படம்'.

அந்தப் படத்தை வெட்டியவர் கெட்ட எண்ணத்தோடு வெட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. நானும் கெட்ட எண்ணத்தோடு ஆயாவை வெட்டவில்லை. கிராணி நடுவில் இருந்தார். அதனால் அவரை நடுவில் வைத்தேன். ஆனால், கிராணியை நடுவில் உட்காரவைத்ததும் ஆயாவை ஓரத்தில் நிற்கவைத்ததும் தற்செயலா? தோட்டத்தில் யாருக்கு என்ன மதிப்பு என்பதை ஒட்டித்தான் படத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, தோட்டமே இல்லாத காலத்தில், நான் அதே வரிசையை மதித்து வெட்டியிருக்கிறேன்.

மனிதர் வெட்டினால்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. டுவிட்டர் தளம் 2018 முதல் நீளப் படங்களைத் தானே வெட்டி முன்னோட்டம் காட்டிவந்தது. படத்தில் இரண்டு முகம் இருந்தால் எதைக் காட்டுவது என்பதை நிரல் முடிவு செய்யும். அது வெள்ளை முகத்தையே தேடிப் பிடிக்கிறது என்று 2020இல் பயனர்கள் சோதித்துக் காட்டினார்கள். நிறுவனம் ஆராய்ந்து 2021 மே மாதம் முடிவை வெளியிட்டது. கறுப்பின, வெள்ளையினப் படங்களை ஒப்பிட்டபோது வெள்ளையர் பக்கம் 4 விழுக்காடு சாய்வு. பெண்களை மட்டும் ஒப்பிட்டபோது 7 விழுக்காடு. எப்படி வெட்டுவது என்பதை மனிதர்களே முடிவு செய்வது நல்லது என்று சொல்லி, அந்தத் தானியங்கி வெட்டை நிறுவனம் கைவிட்டது. நம் நிறத்தில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. 'ஆட்டோ' என்று எழுதிய பொத்தானுக்கும் ஒரு சாய்வு உண்டு.

நம் மலாக்காவுக்கே வருவோம். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த நகரம். மலாக்கா என்று கூகுளில் தேடினால் சிவப்பு நிற ஸ்டாடைஸ் கட்டடமும் ஃபமோசா கோட்டை வாசலும்தான் முதலில் வரும். அந்த வாசலும் ஒரு மிச்சம்தான். போர்த்துகீசியர் கட்டிய பெரிய கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளியபோது தப்பிய ஒரு வாசல். அது தப்பியதால்தான் கோட்டை இருந்ததே இன்று நமக்கு நினைவிருக்கிறது. அதே மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில்தான் 1896இல் தான் சாய் யான் இந்நாட்டில் முதன்முதலாக வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் அது விரிந்தது. ரப்பர் வரலாறு என்றால் தான் சாய் யான், ரிட்லி என்ற பெயர்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. இருட்டில் எழுந்து மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்தவர்களில் என் பாட்டியைத் தவிர வேறு ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு வாசல்கூட மிச்சமில்லை. லயங்கள் இடிகின்றன, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வருகின்றன. அவர்கள் இருந்ததற்கான சான்று பெரும்பாலும் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் படங்கள்தான். அதை வெட்டும் கத்தரி இப்போது நம் கையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

நண்பர்களே, நான் சொல்லப்போவது பெரிய தொழில்நுட்பம் அல்ல. நான் கொடுத்த விலையை நீங்கள் கொடுக்காமலிருக்கச் சில பழக்கங்கள்.

முதலாவது, மூலப்படத்தைத் தொடாதீர்கள். வெட்டத் தொடங்கும் முன் ஒரு நகல் எடுங்கள். நகலில்தான் கை வைக்க வேண்டும். சில செயலிகள் மூலத்தை மறைவாக வைத்திருந்து, கேட்டால் திருப்பித் தரும். சில தராது. உங்கள் செயலி எந்த வகை என்பதைத் தேவையில்லாத ஒரு படத்தில் இன்றே சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, முதலில் வெட்டுங்கள், பிறகு அளவை மாற்றுங்கள், எந்த இடத்துக்குப் படம் போகிறதோ அந்த இடத்துக்கு ஏற்ற அளவில். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான கணக்கு. 4ஆர் அளவுக்கு 1,200க்கு 1,800 புள்ளிகள் போதும். ஏ4 முழுப் பக்கத்துக்கு 2,480க்கு 3,508 வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தின் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினால் கால் பங்கு புள்ளிதான் மிஞ்சும். 4ஆருக்கு அது தாராளம், ஏ4க்குப் போதாது.

மூன்றாவது, புலனத்தை ஆவணக் காப்பகமாக நினைக்காதீர்கள். அது வழக்கமான முறையில் அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும். 2023இல் உயர்தரத்தில் அனுப்பும் வசதி வந்தது. ஆனாலும், மூலப்படம் அப்படியே போக வேண்டுமென்றால் 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள்.

நான்காவது, பழைய அச்சுப் படத்தைப் பதிவு செய்யும்போது கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். வருடி கிடைத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் வருடுங்கள். 4ஆர் படம் 2,400க்கு 3,600 புள்ளிகளாகக் கிடைக்கும். கைப்பேசி மட்டுமே இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். சன்னல் வெளிச்சத்தில், படத்துக்கு நேர் மேலே பிடித்து, நான்கு ஓரமும் தெரியும்படி எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பல படங்களின் முதுகில்தான் தேதியும் பெயரும் இருக்கும். முடிந்தவரை அச்சுப் படத்தையும் குப்பையில் போடாதீர்கள்.

ஐந்தாவது, பாட்டி தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். தெரியாதவரை 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். ஆனால் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள். இடம் இருந்தால் நாளைக்கு வேறு யாராவது வந்து அதில் பெயரை நிரப்புவார்கள்.

பள்ளிகளிலும் இதைச் செய்யலாம் என்பது என் வேண்டுகோள். மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்தின் பெயரையே இன்னும் சுமப்பவை. படத்தை வெட்டவும் அளவு மாற்றவும் சொல்லித்தரும்போது பூவையும் பூனையையும் கொடுத்துச் சொல்லித்தர வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு குழுப்படத்தின் நகலைக் கொண்டுவரட்டும். 'இதைச் சதுரமாக்கு' என்று சொல்லுங்கள். பிறகு, 'யாரை விட்டுவிட்டாய், ஏன்?' என்று கேளுங்கள். நான் படித்த காலத்தில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் சேமிக்கும் முன் என் விரல் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

பல்கலைக்கழக இந்திய மாணவர் மன்றங்களில் இருக்கும் என் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் நடத்தும் விழாவின் படங்களைப் புலனத்திலும் முகநூலிலும் போடும்போது மேடையை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறோம். பின்னால் நாற்காலி அடுக்கியவர்களும் சோறு பரிமாறியவர்களும் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை யாராவது தேடி வரலாம்.

அத்தைக்கு என்ன கொடுத்தேன் என்று கேட்பீர்கள். செயற்கை முகத்தை அழித்துவிட்டேன். 320 புள்ளிக் கட்டத்தை எடுத்துக்கொண்டு மலாக்கா நகரில் ஒரு படக்கடைக்குப் போனேன். பெரிதாக்க வேண்டாம், அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் எவ்வளவு வருமோ அவ்வளவில் அச்சிடுங்கள் என்றேன். நாலு சென்டிமீட்டர் அகலத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னதாக வந்தது. கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அச்சிட்டார். அந்தச் சின்ன அளவில் படம் மங்கலாகத் தெரியவில்லை. பதினொரு பேரும் நின்றார்கள். வலது ஓரத்தில், குழந்தையோடு, ஆயாவும் நின்றார். மூக்குத்தி தெரியவில்லை. ஆனால் நிற்கும் விதத்தைப் பார்த்தே அம்மாதான் என்றார் அத்தை. பணப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, அவருடைய அம்மாவின் பெயரை எழுதித் தரச் சொன்னேன். இப்போது எங்கள் படத்தின் பெயர் வரிசையில் பதினோராவது இடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று இடங்களில் 'தெரியவில்லை' என்று இருக்கிறது. பாட்டிக்கு 72 வயது. அவருக்குத் தெரிந்த தோழி ஒருவர் மெர்லிமாவில் இருக்கிறாராம். இந்த விடுமுறையில் படத்தை எடுத்துக்கொண்டு அங்கே போகப் போகிறோம்.

உங்கள் வீட்டு அலமாரியையும் இந்த விடுமுறையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.